வடக்கே பாய்ந்த தேக்கு

அந்த மேசையை நம்பியவர் யாரும் கிடையாது. அதைச் செய்த இருவரில் ஒருவன் நான். என்னையும் சேர்த்தேதான் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு அருப்புக்கோட்டையில் ஓர் இரும்புக் கடை இருந்தது. இரும்புக் கடை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆணி, கீல், கொண்டி, தாழ்ப்பாள், கிணற்று வாளி, அவ்வளவுதான். பொட்டலம் மடிக்க மதுரையிலிருந்து பழைய பேப்பரை எடைக்கு வாங்கிப் போட்டிருந்தேன். வியாபாரம் மந்தமான மத்தியானங்களில் அதை எடுத்துப் படிப்பேன். மந்தமில்லாத மத்தியானம் என்று ஒன்று எனக்கு நினைவில்லை. ஆகவே ஊரில் நான் படித்தவன். உலகத்து விஷயம் எல்லாவற்றிலும் தொடக்கம் எனக்குத் தெரியும். முடிவெல்லாம் காரியாபட்டியிலும் திருச்சுழியிலும் யார் யார் வீட்டிலோ அரைக் கிலோ ஆணியைச் சுற்றிக்கொண்டு கிடந்தது.

மேசையைச் செய்த இன்னொருவர் மச்சான், என் மனைவியின் அண்ணன். நூல் மில்லில் மெஷின்களைப் பூட்டிப் பழுதுபார்க்கும் பிட்டர் வேலை பார்த்தவர். எங்கள் பக்கம் பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளைக்கு மில் வேலை என்றால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. அந்த வேலையை விட்டுவிட்டுப் பந்தல்குடி ரோட்டில் தகரக் கொட்டகை ஒன்று போட்டு மரப்பட்டறை வைத்தார். மழை இல்லாத வருஷங்கள் அவை. காடு விளையாதவன் வீடு கட்டுவதில்லை, வீடு கட்டாதவனுக்குக் கதவு எதற்கு? கலப்பைக்கு மேழி, தறிக்குக் கட்டை என்று சில்லறை வேலைதான் வந்துகொண்டிருந்தது. அவருடைய மாமனார் அவ்வப்போது பஸ் பிடித்து வந்து பட்டறையை ஒரு சுற்று பார்ப்பார். பிறகு, மில்லில் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா என்று தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டு வைத்திருப்பதாகப் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவார். மருமகனிடம் நேராகச் சொல்ல மாட்டார். அடுக்கி வைத்திருக்கும் பலகையைப் பார்த்துச் சொல்வார்.

மச்சானுக்கு வேண்டியது ஒரு நல்ல கதவு வேலை. ஊர் பேசுகிற மாதிரி ஒரு தலைவாசல் கதவைச் செய்துவிட்டால் மாமனார் பலகையோடு பேசுவதை நிறுத்திவிடுவார் என்பது அவருடைய கணக்கு. கதவுச் சட்டங்களின் ஓரத்தை வளைத்து, நீளப் பள்ளமாகக் காடி எடுத்து, மதுரைப் பட்டறைகளில் செய்வதுபோல் வழுவழுவென்று கொடுக்க வேண்டும். பட்டறையில் வேலைக்கு இருந்த எங்கள் ஆசாரி அதை உளியாலும் இழைப்புளியாலும் செய்வார். ஆனால் ஒரு கதவு முடிவதற்குள் கட்டின வீட்டுக்குக் குடிபோய் வெள்ளையடித்து, அதுவும் உதிர்ந்துவிடும்.

மெஷின் வந்தது தூத்துக்குடியிலிருந்து. கப்பலிலிருந்து இறங்கும் பழைய சாமான் விற்கும் பாய் ஒருவரிடம் மச்சான் வாங்கினார். ரூட்டர் என்று பேர். பெரிய சொம்பு அளவு மோட்டார், அதன் அடியில் சுற்றுகிற சின்னக் கத்தி. கையில் பிடித்து மரத்தின் மேல் ஓட்டினால் ஓரத்தைச் சீவிக் காடி எடுத்துவிடும். பாய் அதிகம் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டார் என்று மச்சான் சந்தோஷமாகச் சொன்னார். எங்கள் ஊரில் பேரம் பேசாமல் விற்பவன் ஒன்று பொருளைத் திருடியிருக்க வேண்டும், அல்லது அதை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

பாய் ஓட்டிப் பார்த்திருந்தார். கையில் பிடித்தால் அது கொம்பைப் பிடித்த கிடா மாதிரி ஆளையே இழுத்தது. ஆசாரி ஒரு தடவை பிடித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, நான் பிள்ளைகுட்டிக்காரன் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இந்த இடத்தில்தான் என் படிப்பு உள்ளே வருகிறது. பொட்டலப் பேப்பரில் வெளிநாட்டுத் தச்சுப் பத்திரிகை ஒன்றின் தாள் இருந்தது. அதில் ஒரு படம். மேசையில் ஓட்டை போட்டு, ரூட்டரை அடியில் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். கத்தி மட்டும் ஓட்டை வழியாக மேலே எட்டிப் பார்க்கிறது. மெஷினை நகர்த்துவதற்குப் பதில் மரத்தை நகர்த்துகிறார் ஒரு வெள்ளைக்காரர். மரம் கத்தியின் மேல் பாதி தூரத்தில் இருக்கிறது. அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். மரத்தை இடமிருந்து வலமாகத் தள்ளுகிறாரா, வலமிருந்து இடமாகத் தள்ளுகிறாரா என்று படத்தில் தெரியாது. படம் நகராது அல்லவா? அப்போது அது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. அந்தச் சிரிப்பைத்தான் நான் நம்பினேன்.

மேசைக்குப் பலகை, மூடிப்போன சாப்பாட்டுக் கடை ஒன்றிலிருந்து கிடைத்தது. மேலே தகரம் அடித்த சாப்பாட்டு மேசை. பல வருஷம் சாம்பாரும் மோரும் ஊற்றித் துடைத்ததில் அந்தத் தகரம் கண்ணாடியாகியிருந்தது. மரம் அதன் மேல் தானாக வழுக்கும். கனமான இரும்புத் தட்டும் போல்ட்டும் என் கடையிலிருந்து. மரம் விலகாமல் சாய்ந்து போவதற்குக் கத்தியை ஒட்டி ஒரு நேர்க்கட்டை வைத்தோம். மச்சான் மில்லில் கற்ற அளவு சுத்தத்தோடு எல்லாவற்றையும் முறுக்கினார். நான் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தேன். போல்ட்டை முறுக்குகிறவர் பக்கத்தில் நின்று ‘இன்னுங்கொஞ்சம்’ என்று சொல்வதும் வேலைதான்.

ஆசாரிக்கு எங்கள் வயதுதான். தன் கையைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் உண்டு, மற்றவர்கள் கையைப் பற்றி எந்த அபிப்பிராயமும் கிடையாது. மேசையைக் குனிந்து பார்த்தவர் உடனே நிமிர்ந்துவிட்டார்.

“தலகீழாத் தொங்குறது எதுவும் வெளங்குனதில்ல, மொதலாளி. வவ்வாலப் பாருங்க.”

“காத்தாடியுந்தான் தலகீழாத் தொங்குது. மாப்ள கடையில அதுக்கடியில உக்காந்துதான நேத்து தூங்குனீரு?” என்றார் மச்சான்.

“காத்தாடி மரத்தத் திங்காது.”

மெஷின் ஆசாரி கண்ணில் படாமல் இருக்கட்டும், தூசியும் பரவாமல் இருக்கும் என்று மேசையின் அடியை மூன்று பக்கம் பலகை அடித்துப் பெட்டி மாதிரி மூடினோம். திறந்த பக்கம் மேற்குச் சுவரைப் பார்த்து இருந்தது. கரண்டு பிளக் அந்தச் சுவரில்தான். ஒயரும் குட்டை. ஆக வேலை செய்கிறவர் மேற்கே பார்த்து நிற்க வேண்டும். அவருக்கு இடது கை தெற்கு, வலது கை வடக்கு.

கழிவுக் கிடங்கிலிருந்து வேப்பந்துண்டுகளை எடுத்து நானே ஓட்டிப் பார்த்தேன். வலது கையால் வாட்டமாகத் தள்ளினேன், துண்டு இடப்பக்கமாகப் போனது. ஓரம் வெண்ணெய் மாதிரி வளைந்து வந்தது. மச்சான் அதைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தார். நான் இன்னொரு துண்டு ஓட்டினேன், அதுவும் அப்படியே. ஆசாரி அதை வாங்கி மோந்து பார்த்தார். ஏன் மோந்து பார்த்தார் என்று இன்றுவரை தெரியாது.

அந்தத் துண்டுகளைக் காட்டித்தான் வத்தல் மண்டி அண்ணாச்சியின் வேலையைப் பிடித்தோம். மிளகாய் வத்தல் கமிஷன் மண்டி வைத்திருந்தவர் அவர். பாளையம்பட்டியில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த பர்மாத் தேக்கு, பழைய வீட்டைப் பிரித்ததில் கிடைத்திருந்தது. அதைக் கொண்டு தலைவாசலுக்கு இரட்டைக் கதவு. அந்த மாதிரி மரம் எங்கள் சீமையில் திரும்ப வாங்க முடியாது. காசு இருந்தாலும் முடியாது.

அண்ணாச்சி சந்தேகத்தையே தொழிலாக நடத்தியவர். வத்தல் மூடை வந்தால் மேலே உள்ள வத்தலைப் பார்க்க மாட்டார், நடு மூடையில் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார். எங்களிடமும் அப்படித்தான். அறுத்து வைத்த ஒவ்வொரு சட்டத்திலும் மண்டி மூடைக்குப் போடுகிற மையால் தன் அடையாளத்தைப் போட்டார். நாங்கள் மரத்தை மாற்றிவிடுவோமாம். மரத்தை மாற்ற வேண்டுமானால் மாற்றாக வைக்க ஒரு மரம் எங்களிடம் இருக்க வேண்டுமே என்பது அவருக்குத் தோன்றவில்லை. பிறகு மண்டியிலிருந்து ஒரு முக்காலியை எடுத்து வந்து பட்டறையில் உட்கார்ந்துகொண்டார். அவர் வேட்டியிலிருந்து வரும் வத்தல் நெடியில் பட்டறை முழுக்கத் தும்மியது. நாங்கள் தும்மும்போது மட்டும் அவர் எழுந்து நின்று பார்ப்பார், அந்த நேரத்தில் ஏதாவது கைமாறிவிடக் கூடாதென்று.

இங்கே ஆசாரிமார் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மரம் நிற்கும்போது வேர்ப்பக்கம் அடி, மேல்பக்கம் நுனி. அறுத்துப் பலகையாகிவிட்டாலும் அடி அடிதான். வீட்டில் நிற்கிற எந்தச் சட்டமும் அடி கீழே, நுனி மேலே என்றுதான் நிற்க வேண்டும். மாறி நின்றால் அந்த வீட்டில் நல்லது நடக்காது. அறுத்த கட்டையில் அடி எது என்று எப்படித் தெரியும்? நடுவில் பிடித்துத் தூக்கினால் கனத்துத் தாழ்கிற பக்கம் அடி. அந்தப் பக்கத்தில்தான் அண்ணாச்சியை மை போடச் சொன்னார் ஆசாரி. அண்ணாச்சிக்கு அதில் பரம திருப்தி. சாஸ்திரமும் திருட்டுப் பயமும் ஒரே இடத்தில் அடங்கிவிட்டன.

படுக்கப் போட்டு வேலை செய்யும்போதும் ஒரு விதி உண்டு. அடி தெற்கே, நுனி வடக்கே. மரத்தை நகர்த்தினால் நுனி முந்திப் போக வேண்டும், அது வளர்ந்த போக்கில். குடியிருக்கும் வீட்டுக்குப் போகிற மரத்துக்குத்தான் இதெல்லாம். கழிவுத் துண்டுக்கு அடியும் இல்லை, நுனியும் இல்லை, யாரும் பார்ப்பதும் இல்லை.

என் படிப்பு சும்மா இருக்குமா? மனிதன் வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்கிறோமே, மரத்தை மட்டும் படுக்க வைக்கலாமா என்று ஆசாரியிடம் கேட்டேன்.

“மனுசன் எந்திரிக்கணும்ல. மரம் எந்திரிக்கவா போகுது?” என்றார்.

முதல் சட்டத்தை ஆசாரியே எடுத்தார். மை தெற்கே, நுனி வடக்கே. மேற்கே பார்த்து நின்று, இடது பக்கமிருந்து வலது பக்கமாகத் தள்ளினார். கத்தி தொட்டதும் மெஷின் ஒரு செருமல் செருமியது. சட்டம் அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வடக்கே பாய்ந்து, தகரத் தட்டியில் மோதி விழுந்தது. அந்தச் சத்தத்தில் ரோட்டில் போன லோடு லாரி ஒன்று வேகத்தைக் குறைத்தது. தன் டயர் என்று நினைத்திருப்பான். ஆசாரியின் விரல்கள் எல்லாம் இருந்தன. சட்டத்தின் ஓரம்தான் நாய் கடித்த மாதிரி பிய்ந்து கிடந்தது.

அண்ணாச்சி முக்காலியைக் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டார். அது வசவைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் போல்ட்டையெல்லாம் திரும்ப முறுக்கினோம். வேப்பந்துண்டு ஒன்றை நான் ஓட்டினேன். வெண்ணெய். ஆசாரி இரண்டாவது தேக்குச் சட்டத்தை வைத்தார். அது போய் அதே தகரத்தில் அதே இடத்தில் மோதியது. கூடுதலாக அறுத்து வைத்திருந்தவை அந்த இரண்டும்தான். இனி ஒன்று போனாலும் கதவு ஜோடி சேராது.

“ஏன்யா, வேம்புன்னாத் திங்குது, தேக்குன்னாத் துப்புதே,” என்றார் அண்ணாச்சி. “உங்க மிசினுக்கே தெரியுது எது எம்மரம்னு.”

அன்று பட்டறையில் சந்தேகப்படாமல் இருந்தது சுவர் மட்டும்தான். மெஷின் தலைகீழாகத் தொங்குவதால் அதற்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்றார் ஆசாரி. கரண்டு ஏறி இறங்குவதாக மச்சான் சந்தேகப்பட்டார். பிறகு என் போல்ட்டைச் சந்தேகப்பட்டார், வாயால் சொல்லவில்லை, ஆனால் ஒவ்வொன்றையும் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். தேக்குக்குள் ரங்கூன் ஆணி ஏதும் புதைந்திருக்குமோ என்று அண்ணாச்சியைக் கேட்டேன். எங்கப்பா மரத்தில் ஆணி அடிக்கிற ஆள் இல்லை என்றார் அவர், முகம் சிவந்து.

எனக்கு மட்டும் உள்ளுக்குள் தெளிவாகிவிட்டது. நான் ஓட்டினால் ஓடுகிறது. ஆசாரி ஓட்டினால் பாய்கிறது. ஆசாரிக்கு இந்த மெஷின் பிடிக்காது. கையை ஏதோ செய்கிறார். மெஷின் நிலைத்துவிட்டால் உளி மூலைக்குப் போய்விடும் என்று அவருக்குத் தெரியாதா? இதை மச்சானைத் தனியாக வெளியே கூட்டிப் போய்ச் சொன்னேன். படித்தவன் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்ட தோரணையில் சொன்னேன் என்று நினைக்கிறேன். மச்சான் பீடியைப் பற்றவைக்காமலே வாயில் வைத்திருந்தார். ஆசாரியின் கை அந்தச் சட்டத்தோடு போயிருக்கும் மாப்ளே, தன் கையை வைத்துச் சூது விளையாடுகிற ஆசாரியை நான் பார்த்ததில்லை என்றார். அப்படியானால் என்னதான் காரணம் என்று கேட்டேன். எனக்கு உங்களையும் சேர்த்துத்தான் சந்தேகமாக இருக்கிறது என்றார்.

அண்ணாச்சி அன்றைக்கு எழுந்து போகும்போது, நாளைக்கு மாட்டுவண்டி அனுப்புவதாகவும் மரத்தை ஏற்றிவிடும்படியும் சொன்னார். மதுரையில் ஒரு பட்டறையில் பேசிவிட்டாராம். மச்சான் அவர் போகிற திசையைப் பார்த்துக்கொண்டே நின்றார். மரம் வண்டியில் ஏறி பஜார் வழியாகப் போகும். பார்க்கிறவன் ஒவ்வொருவனும், ஏன் திரும்பிப் போகுது என்று வண்டிக்காரனைக் கேட்பான். வண்டிக்காரன் தனக்குத் தோன்றியதைச் சொல்வான். அப்புறம் அந்தப் பட்டறையில் எவனும் ஒரு விறகுக் கட்டையைக்கூட விட்டுப் போக மாட்டான். மாமனார் மில்லில் சொல்லி வைத்தது பலித்துவிடும்.

காலையில் வண்டியோடு அண்ணாச்சியே வந்துவிட்டார். மரத்தை ஏற்றுவதற்கு முன் மை அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிய்ந்த இரண்டையும் புரட்டினார். இரண்டாவது சட்டத்தின் அடிப்பக்கம் பிளந்ததில் மை போட்ட சிம்பு ஒன்று உதிர்ந்திருந்தது. அதைக் காணோம். சுற்றும் முற்றும் தேடினார். அவர் கண் மேசையின் அடியில் மூடியிருந்த பெட்டியில் போய் நின்றது.

“இதுக்குள்ள என்ன வச்சிருக்கீக?”

“மிசினுதான் அண்ணாச்சி. வேற என்னத்த வைக்க?” என்றார் மச்சான்.

“மிசின ஏன் ஒளிச்சு வைக்கணும்?”

ஆசாரிக்குப் பிடிக்கவில்லை என்று ஒளித்து வைத்தோம் என எந்த முகத்தோடு சொல்வது? பெட்டியின் திறந்த பக்கமோ சுவரைப் பார்த்து இருந்தது. சந்தேகப்படுகிறவருக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். வண்டிக்காரனும் நாங்களுமாகச் சேர்ந்து மேசையை இழுத்தோம். சுவரிலிருந்து ஓர் ஆள் நிற்கிற அளவு தள்ளி, அப்படியே முன்பின்னாகத் திருப்பினோம். திறந்த பக்கம் இப்போது கொட்டகையைப் பார்த்தது. அண்ணாச்சி குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளே தலையை நீட்டினார். மெஷின் தொங்கியது. அடியில் மரத்தூள் குவியல். குவியலுக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தார், மூடையில் எடுப்பது மாதிரியே. சிம்பு அதில் இருந்தது, மையோடு.

ஒரு சிம்புக்காகத் தேடினோமே என்று அவர் வெட்கப்படுவார் என எதிர்பார்த்தேன். அவர் அதை மடியில் கட்டிக்கொண்டார்.

“இப்படியே இருக்கட்டும். திருப்பிப் போடாதீக,” என்றார். “எங்கண்ணு முன்னால ஒரே ஒரு சட்டம் ஓட்டுங்க. உள்ள என்னதான் நடக்குதுன்னு பாத்துட்டு வண்டிய ஏத்துறேன்.”

கூடுதல் சட்டம் இல்லை. இது போனால் போனதுதான், மதுரைப் பட்டறையும் கதவைச் சேர்க்க முடியாது. ஆசாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கழிவுத் துண்டில்தான் பயிற்சி என்று பணிவோடு சொன்னேன். மச்சான் என்னிடம் துண்டு ஒயர் வாங்கிப் பிளக்குக்கு எட்டுகிற மாதிரி முறுக்கினார். பிறகு சட்டத்தை எடுத்தார்.

“மொதலாளி, நுனி வடக்க,” என்றார் ஆசாரி, கட்டிய கையைப் பிரிக்காமல்.

“தெரியும்.”

சுவருக்கும் மேசைக்கும் நடுவில் நுழைந்து, கிழக்கே பார்த்து நின்றார். மை தெற்கே, நுனி வடக்கே. சட்டத்தைத் தள்ளத் தொடங்கினார். நான் தகரத் தட்டியின் பக்கத்திலிருந்து விலகி நின்றேன். வண்டிக்காரன் மாட்டைப் பிடித்துக்கொண்டான். அண்ணாச்சி மட்டும் நகரவில்லை, தலையைப் பெட்டிக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சட்டம் பாயவில்லை. மெஷின் ஒரே சீராக இரைந்தது. தேக்கு மெதுவாக, அடம்பிடிக்காமல், கத்தியைக் கடந்து வடக்கே போனது. தூள் அண்ணாச்சியின் தலையில் மஞ்சளாகக் கொட்டியது. கடைசி அங்குலமும் போனபின் மச்சான் சுவிட்சை அணைத்தார். அணைத்த கை கொஞ்ச நேரம் சுவிட்சிலேயே இருந்தது.

ஓரம் வெண்ணெய் மாதிரி இருந்தது.

யாரும் சந்தோஷப்படவில்லை. இரண்டு நாளாகப் பாய்ந்த சனியன் இன்று ஏன் பாயவில்லை என்பதில்தான் எல்லோருக்கும் கவலை. இன்னொன்று ஓட்டச் சொன்னார் அண்ணாச்சி. ஓடியது. ஆசாரிக்குப் பொறுக்கவில்லை, மச்சானை நகரச் சொல்லிவிட்டுத் தானே ஒன்றை எடுத்தார். அதுவும் ஓடியது. அவர் கையைப் பற்றிய என் துப்பறிதல் அத்தோடு முடிந்தது. மத்தியானத்துக்குள் எல்லாச் சட்டமும் முடிந்துவிட்டது. வண்டி வெறும் வண்டியாகவே பஜார் வழியாகத் திரும்பிப் போனது.

காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஆளுக்கு ஒன்றாக. மெஷின்காரன் கிழக்கே பார்த்து நின்றதால் தோஷம் நீங்கியது என்றார் ஆசாரி. மச்சான் என் துண்டு ஒயரைக் காரணமாகச் சொன்னார். அது ஒரு நட்புக்காகச் சொன்னது. அண்ணாச்சிக்கு எந்தக் குழப்பமும் இல்லை. தான் உள்ளே பார்த்துக்கொண்டிருந்ததால் நாங்கள் தில்லுமுல்லு செய்ய முடியவில்லை, ஆகவே வேலை ஒழுங்காக நடந்தது.

உண்மையான காரணம் கதவு மாட்டி முடிந்தபிறகுதான் எனக்குக் கிடைத்தது. ஒரு நாள் சும்மா நின்றபோது வேப்பந்துண்டு ஒன்றை எடுத்து, வழக்கத்துக்கு மாறாக இடப்பக்கமிருந்து தள்ளினேன். என் கையை உதறிவிட்டு அது பாய்ந்தது. மறுபக்கமிருந்து தள்ளினேன், சாதுவாகப் போனது. மெஷினை அணைத்துவிட்டு, கத்தி எந்தப் பக்கமாகச் சுற்றி ஓய்கிறது என்று பார்த்தேன். மரத்தைக் கத்தி சுற்றுகிற பக்கமே தள்ளினால் கத்தி அதைக் கவ்வி எறிந்துவிடும். எதிர்த்துத் தள்ளினால்தான் சீவும். மேற்கே பார்த்து நின்றுகொண்டு நுனியை வடக்கே அனுப்ப வேண்டுமென்றால் கத்தியோடு சேர்த்துத்தான் தள்ள வேண்டியிருந்தது. மேசை திரும்பியதும் வடக்கு இடது கைக்கு வந்துவிட்டது. நுனியும் முந்திப் போனது, கத்திக்கு எதிராகவும் போனது. ஆசாரியின் சாஸ்திரத்திலும் பிழையில்லை, மெஷினிலும் பிழையில்லை. மேசையைத்தான் பிளக்குக்கு வசதியாகப் போட்டிருந்தோம்.

மச்சானை உட்கார வைத்து விளக்கினேன். கத்தியைச் சுற்றிக் காட்டினேன். அவர் பிட்டர், பாதியிலேயே புரிந்துவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

“இத வெளிய சொல்லிராதீக மாப்ளே.”

ஏன் என்று கேட்டேன். விஞ்ஞானத்தை மறைப்பது எனக்குச் சம்மதமில்லை. அதுவும் என் விஞ்ஞானம்.

அண்ணாச்சி பஜாரில் பேச ஆரம்பித்துவிட்டார் என்றார் மச்சான். கதவை எல்லோருக்கும் காட்டுகிறாராம். வேலை மதுரைக்காரனைவிடச் சுத்தம், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணெடுக்காமல் பார்த்தால்தான் ஒழுங்காகச் செய்வார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். நாம் போய்க் காரணம் இதுதான் என்று விளக்கினால், அது தெரியாமலா என் மரத்தில் கை வைத்தாய் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் இல்லை. இப்போது அவர் சொல்வதில் பாதி வசவு, பாதி சிபாரிசு. சிபாரிசுக்காக வசவைத் தாங்கிக்கொள்வோம் என்றார்.

எனக்கு இதில் ஒரு சந்தேகம் இருந்தது. தன்னைத் திருடன் என்று சொல்கிற விளம்பரத்தை நம்பி எவன் வருவான்?

வந்தார்கள். திருச்சுழிப் பக்கத்திலிருந்து ஒருவர் ஜன்னல் சட்டத்தோடு வந்தார். அண்ணாச்சியின் சம்பந்தி வாகை மரத்தோடு வந்தார், ஒவ்வொரு கட்டையிலும் பச்சைப் பெயிண்ட் பூசி. எல்லோரும் வந்ததும் முதல் வேலையாக மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். பிறகு உட்கார இடம் தேடினார்கள். ஒருவர் வாய்விட்டே கேட்டார், எங்கே உட்கார்ந்தால் எல்லாம் தெரியும் என்று.

அடுத்த முறை மாமனார் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது பட்டறையில் முன்பின் தெரியாத மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்து மரத்தூளில் தும்மிக்கொண்டு, மச்சானின் கையையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் இவர்கள், கடன்காரர்களா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். வேலை கொடுத்தவர்கள் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. தானும் இருந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். மச்சான் மெஷினை நிறுத்தினார். மூலையில் கிடந்த பெஞ்சை இழுத்து, தூசியைத் துண்டால் தட்டி, பெட்டியின் திறந்த பக்கம் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்துப் போட்டார்.

“உக்காருங்க மாமா,” என்றார். “இங்கனருந்து பாத்தா எல்லாம் தெரியும்.”